அம்மாவுக்கும் பாப்பாவுக்கும், சிங்கப்பூர்க் குயின்ஸ்டவுனிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொல்லப் பாப்பா எழுதின கடிதத்தை அத்தை மகன் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான், கூடவே மோர்மிளகாய்ப் பொட்டலமும். போனில் பேசினால் பாப்பா ‘ம்’, ‘சரிம்மா’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள், கடிதத்திலோ கன்றுக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்தது முதல் கணக்கு டீச்சர் மாறிப்போனது வரை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாள். அதனால் நானும் இனிமேல் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். பாப்பா, இதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டும்போது உன்னைப் பற்றி வரும் வரிகளைத் தாண்டிப் போகாமல் சத்தமாகப் படி.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. நான் வேலை செய்கிற அக்கா வீட்டில் சமையல் முழுக்க என் கையில்தான், புளியும் மிளகாய்த்தூளும் வெற்றிலையும் நம் ஆட்கள் கடை வைத்திருக்கிற தேக்காவுக்குப் போனால் கிடைத்துவிடும், மீன் மட்டும் நம் ஊர் ருசிக்கு வரவில்லை. மோர்மிளகாயைப் பொரித்த அன்று தாழ்வாரம் முழுக்கக் கமறி, எதிர்வீட்டுச் சீனப் பாட்டி இருமிக்கொண்டே கதவைத் திறந்து வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நான் பயந்து நிற்க, அவர் கையை நீட்டி ஒன்று வாங்கிக் கடித்து, கண்ணில் தண்ணீர் வழிய இன்னொன்றும் கேட்டார்! மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து நின்றார். அவருக்கு இங்கிலீஷ் வராது, எனக்குச் சீனம் வராது, கையைக் காட்டியே பேசிக்கொள்கிறோம். எண்பது வயதுக்கு மேல் இருக்கும், தனியாக இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை லீவில் எங்கே போவாய் என்று பாப்பா கேட்டிருந்தாள். காலையில் காமன்வெல்த் டிரைவில் இருக்கும் முனீஸ்வரன் கோயில். ஆமாம் அம்மா, நம் முனீஸ்வரன்தான். ரயில் பாதையில் வேலை செய்த நம் ஆட்கள் 1932இல் சின்னதாக வைத்துக் கும்பிட்டது, இப்போது பெரிய கோயில். அங்கிருந்து நடந்து நூலகத்துக்குப் போய்விடுவேன். சாயங்காலம் வரை அங்கேதான்.

நூலகம் மார்கரெட் டிரைவில் இருக்கிறது, இரண்டே மாடி, பழைய கட்டடம். சிங்கப்பூரில் முதன்முதலாகத் திறந்த முழுநேரக் கிளை நூலகம் இதுதான், 1970இல் அப்போது பிரதமராக இருந்த லீ குவான் இயூவே வந்து திறந்துவைத்தாராம். உள்ளே நுழைய யாரும் அட்டை கேட்பதில்லை. நீ யார், எந்த வீட்டில் வேலை, எத்தனை மணி நேரம் உட்காருவாய் என்று ஒரு கேள்வி கிடையாது. வேலைக்கு வந்தவள் என்று ஏற இறங்கப் பார்க்கவும் மாட்டார்கள், நான் பாட்டுக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தமிழ் முரசைப் பிரிப்பேன், 1935இல் தொடங்கி இன்னும் வந்துகொண்டிருக்கிற பத்திரிகை அது. எதிர்வீட்டுப் பாட்டியும் சில நாள் என்னோடு வருவார், அவர் சீனப் பேப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்காருவார். ஒருநாள் சம்பளம் வாங்காமல் உதவிக்கு வருகிற ஒரு தொண்டூழியப் பையன் வந்து அவருக்குக் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று மூன்றாம் முறையும் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்தான். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ஏசிக் குளிர்தான் கொஞ்சம் தாங்க முடியாது, நீ கொடுத்த சால்வையைப் போர்த்திக்கொள்வேன்.

புத்தகத்தை வீட்டுக்கு இரவல் எடுப்பது அக்கா பிள்ளைகளின் அட்டையில். எனக்கென்று தனி அட்டை இப்போதைக்கு எடுக்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து படித்தால் போதாதா? ஒரு கட்டுப் புத்தகத்தை மெஷின் மேல் வைத்தால் எல்லாவற்றையும் அதுவே ஒரே நேரத்தில் பதிந்துகொள்கிறது, ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு சில்லு ஒட்டியிருக்கிறார்கள். 1998இல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் தொடங்கினார்களாம். 21 நாள் வைத்துக்கொள்ளலாம், தாண்டினால் ஒரு புத்தகத்துக்கு ஒரு நாளைக்கு இந்த ஊர்க் காசில் 15 காசு அபராதம். தேதியை நினைவு வைப்பது என் பொறுப்பு, குளிர்ப்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எடுத்த இடத்திலேயே கொடுக்க வேண்டும் என்றும் இல்லை, பட்டுக்கோட்டையில் எடுத்ததை மன்னார்குடியில் போட்டுவிட்டு வருகிற மாதிரி எந்த நூலகத்திலும் திருப்பலாம்.

பிள்ளைகளுக்குக் கதை நேரம் உண்டு, தமிழிலும் உண்டு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே 4 முதல் 8 வயதுவரை, தொண்டூழியர்கள் வாசித்துக் காட்டும் கிட்ஸ்ரீட் என்ற திட்டத்தையும் 2004 முதல் நடத்துகிறார்கள். போன மாதம் அக்காவின் சின்னவளைத் தமிழ்க் கதைக்குக் கூட்டிப்போனேன். கதை சொன்ன அம்மா, கிணற்றில் தன் நிழலைப் பார்த்துக் குதித்த சிங்கத்தின் கதையைச் சிங்கம் மாதிரியே உறுமிச் சொன்னார். பிள்ளைகளில் பாதிப் பேர் கிணற்றைப் பார்த்ததே இல்லை. சின்னவள் என் மடியில் திரும்பி உட்கார்ந்து, நீ பார்த்திருக்கிறாயா என்றாள். எங்கள் கொல்லையிலேயே இருக்கிறது, துவைக்கிற கல் இருக்கிறது, எட்டிப் பார்த்தால் ஆமை தெரியும், பாப்பா வாளியைத் தவறவிட்டு அழுதாள் என்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அதற்கு மேல் பேச முடியவில்லை. மடியில் இன்னொருத்தர் பிள்ளை. அம்மா, அந்த ஆமை இன்னும் இருக்கிறதா? ராத்திரி பாப்பா யார் பக்கத்தில் படுக்கிறாள்? கதை கேட்கிறாளா, இல்லை பெரிய பெண்ணாகிவிட்டேன் என்று கேட்காமலே தூங்கிவிடுகிறாளா?

சரி, அதை விடு. நான் சொல்ல வந்தது இதுதான். நம் ஊர்ப்புற நூலகத்தில் பாப்பாவை உறுப்பினராகச் சேர்த்துவிடு. அது சும்மா கிடக்கிறது, யார் போகிறார்கள் என்று சொல்லாதே. பஞ்சாயத்தில் வீட்டு வரி கட்டுகிறாயே, அதிலேயே ரூபாய்க்கு 10 காசு நூலக வரி சேர்ந்து போகிறது. நம் காசில் நடக்கிற இடம், நாம் போனால்தான் புத்தகமும் வரும், திறக்கிறவரும் நேரத்துக்குத் திறப்பார். சனிக்கிழமை தம்பியை ஒரு அரைமணி நேரம் கூட்டிப்போகச் சொல், அவனுக்கும் குரூப் 4 பரீட்சைக்கு அங்கே புத்தகம் கிடைக்கும், டீக்கடையில் உட்காருவதற்கு அங்கே உட்காரலாம்.

இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளி வரும். ஏஜென்டுக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது, பெரிதாக ஒன்றும் இல்லை, நீ யாரிடமும் கைமாற்று வாங்காதே. கூட்டுறவு வங்கியில் வைத்த சங்கிலிக்கு வட்டியை மட்டும் இப்போது கட்டு, தை மாதத்துக்குள் மீட்டுவிடலாம், ஏலம் என்று கடிதம் வந்தால் உடனே போன் பண்ணு.

உன் கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டும் என்று நீ எழுதவில்லை, பாப்பா ஓரமாகத் தனியாக எழுதிவிட்டாள், அவளைத் திட்டாதே. இலவச முகாம் எப்போது போடுகிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் கேள், மழைக்கு முன்னால் முடித்துவிடு. துணைக்குச் சின்ன அத்தையைக் கூப்பிடு, நான் சொன்னேன் என்று சொன்னால் வருவார்.

சித்தப்பா வேலித் தென்னையை வெட்டப்போவதாக எழுதியிருந்தாய். அது நம் பக்கத்து மரம், அப்பா வைத்தது. பட்டா நகல் தகரப்பெட்டியில் என் பள்ளிக்கூடச் சான்றிதழுக்கு அடியில் இருக்கிறது. சண்டை போடாமல், பெரியண்ணனை வைத்துக்கொண்டு தலையாரி முன்னால் அளக்கச் சொல், அளக்கும்வரை யாரும் மரத்தில் கைவைக்கக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல். அத்தை மகன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான், பாப்பாவின் கால் அளவை ஒரு தாளில் வரைந்து அதற்குள் படம் பிடித்து அனுப்பு, செருப்பு வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

உன் அன்பு மகள்