லென்சுக்கும் திரைக்கும் இடையில்

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் இன்னும் கடலையே பார்த்ததில்லை என்றும், அவர்களுக்குக் கடலைக் காட்டுவதற்காக உன் சம்பளப் பணத்தில், கண்ணில் வைத்தால் அந்த இடத்திலேயே இருப்பதுபோல் காட்டும் நான்கைந்து வி.ஆர். கண்ணாடிகள் வாங்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம். கடையில் வாங்கும் கண்ணாடி கடலைக் காட்டும்; எப்படிக் காட்டுகிறது என்பதைக் கறுப்பு பிளாஸ்டிக்குக்குள் மூடி வைத்துக்கொள்ளும். அதையே அட்டையும் இரண்டு குவிலென்சுகளும் கொண்டு, திரையாக ஒரு செல்போனை உள்ளே வைத்து, பிள்ளைகள் தாங்களே செய்தார்கள் என்றால், உன் ஒளியியல் பாடத்தில் பாதி அவர்கள் கை வழியாகவே உள்ளே இறங்கிவிடும். காலமெல்லாம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

அட்டைக் கண்ணாடியை விளையாட்டுச் சாமான் என்று உன் பள்ளியில் யாரேனும் ஒதுக்கினால், அதன் வரலாற்றை அவர்களுக்குச் சொல். கூகுளின் பாரிஸ் அலுவலகத்தில் டேவிட் கோஸ், டேமியன் ஹென்றி என்ற இரு பொறியாளர்கள் உருவாக்கிய இந்தப் பெட்டியை, அந்நிறுவனம் 2014 ஜூன் மாதம் தன் மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. யார் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிக்கொள்ளட்டும் என்று அதன் வரைபடத்தையும் வெளியிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களுக்கு இதைப் பத்திரிகையோடு சேர்த்தே அனுப்பியது. 2021 மார்ச்சில் கூகுள் விற்பனையை நிறுத்திவிட்டாலும், மென்பொருளின் மூல நிரலை 2019-லேயே பொதுவில் வைத்துவிட்டதால், செய்ய நினைப்பவர்களுக்கு இன்றும் தடை எதுவும் இல்லை. இதற்கெல்லாம் முன்னோடி 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டோன் முகம் பார்க்கும் கண்ணாடிகளை வைத்துச் செய்த ஸ்டீரியோஸ்கோப். அப்போது புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்படவில்லை. கோட்டோவியங்களைக் கொண்டே அவர் இரண்டு கண்களுக்கும் இரண்டு படங்களைக் காட்டி ஆழத்தை உண்டாக்கினார். இதை மறக்காமல் வகுப்பில் சொல். செல்போன் இல்லாத பிள்ளையும் ஒரு கனசதுரத்தை இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றுமாக வரைந்து, பெட்டியின் பக்கவாட்டில் வெளிச்சம் வர ஒரு சன்னல் வெட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி லென்சு. 25 மில்லிமீட்டர் விட்டமும் 45 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் கொண்ட இருபுறக் குவிலென்சுதான் இதற்கு வழக்கமானது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க விற்கும் பூதக்கண்ணாடிகளின் குவியத் தொலைவு பெரும்பாலும் 10 சென்டிமீட்டரைத் தாண்டும் என்பதால், அவற்றைப் போட்டால் பெட்டி நீண்டு படம் சிறுத்துவிடும். மலிவான லென்சுகளில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதே. சன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டி, வெளியே தெரியும் மரத்தின் தலைகீழ் பிம்பம் தாளில் கூர்மையாக விழும் வரை லென்சை முன்னும் பின்னும் நகர்த்தச் சொல். லென்சுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியே குவியத் தொலைவு. இரண்டு லென்சுகளையும் அருகருகே பிடித்து இரண்டு பிம்பங்களும் ஒரே இடத்தில் தெளிகின்றனவா என்று பார்த்த பிறகே அவற்றை ஜோடி சேர்க்க வேண்டும். ஜோடி சேராத லென்சுகள் வழியே பார்த்தால் தலைவலிதான் மிஞ்சும்.

செல்போன் திரை லென்சின் குவியத்துக்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும். அப்போதுதான் நேரான, பெரிதான மாயபிம்பம் திரைக்குப் பின்னால் தொலைவில் உருவாகும். லென்சு சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார். திரை 41 மில்லிமீட்டரில் இருந்தால் பிம்பம் 46 சென்டிமீட்டரில் நிற்கும், 42-இல் 63 சென்டிமீட்டர், 43-இல் கிட்டத்தட்ட ஒரு மீட்டர், 44-இல் இரண்டு மீட்டர், 45-இல் முடிவிலி. கரும்பலகையில் உயிரில்லாமல் கிடக்கும் அந்தச் சூத்திரம் இங்கே கத்தி முனையில் வந்து நிற்கிறது: அட்டையை ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டினால் பிம்பம் 17 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டருக்கும் மேல் வரை நகர்ந்துவிடுகிறது. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கு ஏன் மங்கலாகத் தெரிகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. மைனஸ் இரண்டு பவர் உள்ள பிள்ளை கண்ணாடி இல்லாமல் அரை மீட்டருக்கு அப்பால் தெளிவாகக் காணாது. திரையை 41 மில்லிமீட்டருக்குத் தள்ளிக் கொடுத்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டே பார்க்கும். ஆகவே செல்போன் உட்காரும் பகுதியை ஒட்டிவிடாமல், தீப்பெட்டியின் உள்தட்டுப் போல முன்னும் பின்னும் நகரும்படி செய். நான் மிக முக்கியமாகக் கருதும் யோசனை இதுதான்.

மளிகைக் கடையில் போட்டு வைத்திருக்கும் மூன்று ப்ளை அட்டைப்பெட்டியே போதும். மடிக்க வேண்டிய கோட்டில் கத்தியின் முதுகால் முதலில் அழுத்திக் கீறிவிடு. இல்லாவிட்டால் மடிப்பு அட்டையின் உள்நெளிவைப் பின்பற்றிக் கோணலாக ஓடும். லென்சு பொருத்தும் தட்டுக்கு மூன்று அடுக்கு வேண்டும். நடு அடுக்கின் ஓட்டை சரியாக 25 மில்லிமீட்டர், முன்னும் பின்னும் உள்ள அடுக்குகளின் ஓட்டை 22. லென்சு நடுவில் உட்கார்ந்து, ஓரம் மட்டும் இருபுறமும் கவ்வப்பட்டு நிற்கும். பசை கண்ணாடியில் படவே படாது. மேலே சொன்ன 42, 43 எல்லாம் இந்த நடு அடுக்கிலிருந்து திரை வரை அளக்க வேண்டியவை. இரண்டு லென்சு மையங்களுக்கு இடையே உள்ள தூரம் பெரியவர்களுக்கு 63 மில்லிமீட்டர் அளவில் வரும். உன் பிள்ளைகளுக்குக் குறையும். எதிரெதிரே உட்கார்ந்து, தொலைவில் பார்க்கச் சொல்லி, ஸ்கேலை நெற்றியில் வைத்து ஒருவர் கண்பாவை இடைவெளியை இன்னொருவர் அளக்கட்டும். ஒரு கண் மற்றக் கண்ணின் படத்தைப் பார்க்காதபடி நடுத்தடுப்பும், உட்புறம் முழுவதும் கறுப்புச் சார்ட் தாளும் கட்டாயம். மூக்குக்கு இடம் விட்டு வெட்டுவதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முகத்தில் வைத்துப் பார்த்ததும் தாமாகவே வெட்டிக்கொள்வார்கள்.

பெட்டி முடிந்ததும் நேரே காணொளிக்குப் போய்விடாதே. முதலில் அவர்களே ஒரு இரட்டைப் படம் எடுக்கட்டும். செல்போனை ஒரு பெஞ்சின் மேல் வைத்து ஒரு படம், ஆறு சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி இன்னொரு படம். இடப்படத்தை இடப்பாதியிலும் வலப்படத்தை வலப்பாதியிலும் வைத்து லென்சு வழியே பார்த்தால், முன்னால் நிற்கும் சில்வர் ஓக் மரம் பின்னால் உள்ள தேயிலைச் சரிவிலிருந்து பிரிந்து தனியே நிற்பதைக் காண்பார்கள். மிக அருகில் இருக்கும் பொருள் இரண்டு மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு படங்களையும் இடம் மாற்றி வைத்தும் காட்டு. பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தோன்றும்போது, ஆழம் என்பது மூளை போடும் கணக்கு என்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.

தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்ப வேண்டும் என்றால் செல்போனில் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப் என்ற உணரி இருக்க வேண்டும். விலை குறைந்த பல போன்களில் அது இருப்பதில்லை; முடுக்கமானியும் காந்த உணரியும் மட்டும் இருந்தால் காட்சி நடுங்கும், அல்லது தானாக நகரும். அப்படிப்பட்ட போனைப் பிள்ளைகள் கண்முன் வைக்காதே. கண் அசைவைக் காண்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அசைவில்லை என்கிறது; இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. நல்ல போனிலும் இந்தப் பெட்டி தலை திரும்புவதை மட்டுமே அறியும், எழுந்து நடப்பதை அறியாது. எனவே எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கட்டும். ஒருவருக்கு ஓரிரு நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். தலையில் மாட்டும் பட்டையும் வேண்டாம். கையால் பிடித்திருந்தால் தலை மெதுவாகத் திரும்பும், தலைசுற்றினால் உடனே எடுத்துவிடலாம். விற்பனைக்கு வரும் கண்ணாடிகள் பலவற்றில் 13 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கும். உன் வகுப்பில் அந்த வயதைத் தொடாதவர்கள் இரட்டைப் படங்களோடு நிற்கட்டும். முடிந்ததும் பெட்டியை வெயிலில் வைக்காமல் பீரோவில் பூட்டு. லென்சு வழியே விழும் வெயில் செல்போன் திரையைச் சுட்டுவிடும். அதை வைத்துச் சூரியனைப் பார்க்கும் எண்ணம் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது, அதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடு.

கடல் விஷயத்துக்கு வருகிறேன். மரத்தைப் போலக் கடல் சும்மா நிற்காது. ஒரே போனை நகர்த்தி இரண்டு படம் எடுப்பதற்குள் அலை மாறிவிடும். ஒரே மாதிரியான இரண்டு போன்களை நெட்டுக்குத்தாக அருகருகே ஒரு கட்டையில் கட்டினால் அவற்றின் கேமராக்கள் ஏழெட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் அமையும். அது கண்ணுக்குப் போதுமான பொருத்தம். இரண்டிலும் ஒரே நேரத்தில் காணொளி எடுத்து, தொடக்கத்தில் ஒரு கைதட்டலைப் பதிவு செய்துகொண்டால், பிறகு அந்தச் சத்தத்தை வைத்து இரண்டையும் சேர்த்துவிடலாம். உன் அம்மாவின் போனும் என்னுடையதும் ஒரே ரகம்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் நாகப்பட்டினம் போய், காலை வெளிச்சத்தில் கடற்கரையையும் துறைமுகத்தில் படகுகள் வந்து சேர்வதையும் எடுத்து அனுப்புகிறோம். லென்சுகளையும் நானே வாங்கி, சோதித்து, ஜோடி ஜோடியாகக் காகிதத்தில் சுற்றி அனுப்புகிறேன். காட்டப்போகும் செல்போனின் திரை அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, பிள்ளைகளின் கண்பாவை இடைவெளிகளோடு சேர்த்து எழுது. அதற்கேற்ப முதல் பெட்டிக்கான மாதிரியை வெட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா