செயலாளரின் ஆண்டறிக்கை: மலைச்சாலையும் பக்கக்காற்றும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளிலிருந்து இந்தப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நமது இருசக்கர வாகன ஓட்டிகள் சங்கத்தின் உறுப்பினர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிக்கவிருக்கிறார். செயற்குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பேடு மேசையில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. எனவே அவற்றை இங்கே விரித்துரைக்கவில்லை. இவ்வாண்டு நமது பணி பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றி அமைந்தது என்பதால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியதாகவே இருக்கும். பலத்த காற்றிலும் செங்குத்தான மலைச்சாலையிலும் வண்டியைத் தடுமாறாமல் செலுத்துவது எப்படி என்பதே அப்பொருள்.

நமது ஊர் வெயிலுக்குப் பேர்போனது. காற்றைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அக்கினி நட்சத்திர நாட்களில் பகலெல்லாம் கொதித்த நிலத்தின்மேல் மாலையில் இடிமேகம் திரளும்போது, மழைத்துளி விழுவதற்கு முன்பே புழுதியை வாரிக்கொண்டு வரும் காற்று எத்தகையது என்பதை இங்கு வண்டி ஓட்டும் அனைவரும் அறிவோம். ஆடி மாதத்து மேல்காற்று வேறு வகை. அது நாள்முழுதும் ஒரே திசையிலிருந்து வீசும். பாலாற்றுப் பாலத்தின்மேல் அதைத் தடுக்க மரமோ கட்டடமோ கிடையாது.

சென்ற ஆடியில் நமது இளம் உறுப்பினர் ஒருவர் விருதம்பட்டுப் பக்கமிருந்து வேலூர் நோக்கி ஸ்கூட்டரில் அப்பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது, பேருந்து ஒன்று அவரை வலப்புறமாக முந்தியது. காற்று வலப்புறமிருந்தே வீசிக்கொண்டிருந்ததால், அவர் தம்மை அறியாமலேயே வண்டியைச் சற்று வலப்பக்கம் சாய்த்து ஓட்டிவந்திருக்கிறார். பேருந்து அருகில் வந்ததும் காற்று அறவே நின்றது, வண்டி பேருந்தின் பக்கம் இழுத்தது. அவர் பதறி நிமிர்த்திய நொடியில் பேருந்து முன்னே போய்விட, தடுக்கப்பட்டிருந்த காற்று முழுவதும் ஒரே வீச்சில் அடித்து, வண்டியைக் கைப்பிடிச் சுவர்வரை தள்ளிச் சென்றது. முழங்கையில் சிராய்ப்போடு அவர் தப்பினார். பேருந்து ஓட்டுநர்மேலும் குற்றமில்லை, அவர்மேலும் குற்றமில்லை. இப்படி ஒன்று நடக்கும் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்ல யாரும் இருக்கவில்லை என்பதுதான் செயற்குழுவை வருத்தியது. ஓட்டுநர் உரிமம் பெறுவதற்கு எட்டு போட்டுக் காட்டுகிறோம். காற்றைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

ஆகவே அடுத்த மாதாந்திரக் கூட்டத்தை இதற்கென்றே ஒதுக்கினோம். நல்வாய்ப்பாக, உறுப்பினர் ஒருவரின் மகள் அப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். வேலூரில் செவிலியர் படிப்பு முடித்து, நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டனில் பணிபுரியும் அவர், தினமும் மோட்டார் சைக்கிளில் மருத்துவமனைக்குச் சென்றுவருபவர். உலகின் மிகுந்த காற்றடிக்கும் நகரங்களுள் ஒன்றாகக் கூறப்படும் அவ்வூர், நாற்பத்தோராவது தென் அட்சரேகையை ஒட்டி, குக் நீரிணையின் கரையில் இருக்கிறது. தென்கடலில் மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றுக்கு, மலைத்தொடர்களுக்கு நடுவே கிடைக்கும் பெரிய திறப்பு அந்த நீரிணைதான். பரந்து வரும் காற்று குறுகிய வழியில் நுழையும்போது வேகம் கூடுகிறது. அதனோடு ஊரே மேடும் பள்ளமுமாகக் குன்றுகளின்மேல் அமைந்திருப்பதால், அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு நமது ஏலகிரி ஏற்றமும் ஆடிக்காற்றும் ஒரே தெருவில் சேர்ந்து வருகின்றன.

நகரிலிருந்து வடகிழக்கே செல்லும் நெடுஞ்சாலை ரெமுட்டாக்கா மலையை 555 மீட்டர் உயரத்தில் கடக்கிறது. அம்மலையில் முன்பிருந்த ரயில் பாதையில், 1880 செப்டம்பரில் வளைவொன்றில் வீசிய சூறைக்காற்று பெட்டிகளைத் தண்டவாளத்திலிருந்தே தூக்கி எறிந்து குழந்தைகள் உயிரிழந்தனர் என்று அவர் சொன்னபோது கூடம் அமைதியாயிற்று. ரயில் பெட்டியைப் புரட்டும் காற்றின் முன்னே நூற்றுச் சொச்சம் கிலோ வண்டியை வைத்துக்கொண்டு நமது கைப்பலத்தை நம்புவதில் பொருளில்லை.

அவர் சொன்னவற்றுள் நமக்கு மிகவும் பயன்பட்டது, கைப்பிடியை இறுகப் பிடிக்கக் கூடாது என்பது. காற்று அடித்தவுடன் தோளும் முழங்கையும் விறைத்துக்கொள்வது மனித இயல்பு. விறைத்த கை உடம்பில் படும் ஒவ்வொரு அடியையும் கைப்பிடிக்குக் கடத்தி வண்டியைத் திருப்பிவிடுகிறது. முழங்கால்களால் டேங்கைக் கவ்விக்கொண்டு, முழங்கையைத் தளர்த்தி, முன்னுடலைச் சற்றுத் தாழ்த்தினால், வண்டி தனக்குக் கீழே கொஞ்சம் அசைந்தபடியே நேராகப் போகும். வலப்புறமிருந்து காற்று என்றால் வலக் கைப்பிடியை மெல்ல முன்னோக்கி அழுத்த வேண்டும். வண்டி வலப்பக்கம் சாய்ந்து காற்றுக்கு ஈடுகொடுக்கும். லாரியோ பேருந்தோ பக்கத்தில் வருவது தெரிந்தால், அந்த அழுத்தத்தைத் தளர்த்தவும், அது கடந்ததும் மீண்டும் கொடுக்கவும் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது என்பதால், சற்று முன்வரை சமாளித்தோமே என்ற எண்ணத்துக்கு இதில் இடமில்லை.

வண்டியை நிறுத்துவதைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். நம்மில் பலர் இதை யோசித்ததே இல்லை. சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. இடப்புறமிருந்து பலத்த காற்று அடித்தால் அது நிமிர்ந்து வலப்பக்கம் விழுந்துவிடும். எனவே காற்று வலப்புறமிருந்து வந்து வண்டியை ஸ்டாண்டின்மேலேயே அழுத்தும்படி திருப்பி நிறுத்த வேண்டும். சரிவில் என்றால், முன்சக்கரம் மேட்டைப் பார்த்திருக்க, முதல் கியரில் போட்டுவிட வேண்டும். பள்ளத்தைப் பார்த்து நிறுத்திய வண்டி ஓரடி உருண்டாலும் ஸ்டாண்டு மடங்கிவிடும். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, உறுப்பினர் பலர் தத்தம் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது.

கேட்டதைச் செய்துபார்க்க ஏலகிரிப் பயணம் ஏற்பாடு செய்யப்பட்டது. மலையடிவாரப் பொன்னேரியிலிருந்து மலையேறும் அச்சாலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் பாரி, காரி, ஓரி முதலான வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டிருப்பதை அறிவீர்கள். விடியற்காலையில், பேருந்துகளும் சுற்றுலா வண்டிகளும் மிகுவதற்கு முன்பே, சிறு குழுக்களாக ஏறினோம். ஏற்றத்தில் இடப்பக்கம் திரும்பும் வளைவுதான் கடினமானது, ஏனெனில் நாம் சாலையின் இடப்புறம் செல்வதால் வளைவின் உட்பக்கம் நமக்கு வருகிறது. அங்கே திருப்பம் குறுகலாகவும் மேடு மிகச் செங்குத்தாகவும் இருக்கும். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு இரண்டாம் கியரில் அதற்குள் நுழைந்தால் பாதியில் என்ஜின் நின்றுவிடும். நின்றால், வலக்கால் பின்பிரேக்கை அழுத்தியிருக்க இடக்காலை ஊன்றி, பதறாமல் முதல் கியருக்கு வந்து, கிளட்ச் வண்டியை இழுக்கத் தொடங்கிய பின்னரே பிரேக்கை விட வேண்டும். புதிய உறுப்பினர்கள் இதை ஆளில்லாத சரிவொன்றில் பலமுறை செய்து பழகினர்.

ஆனால் உண்மையான பாடம் இறங்கும்போதுதான் கிடைத்தது. கியர் வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டாம் கியரில் என்ஜினின் பிடியிலேயே இறங்கினார்கள், பிரேக்குக்கு வேலை குறைவாகவே இருந்தது. நமது உறுப்பினரில் கணிசமானோர், குறிப்பாகப் பெண்கள், வைத்திருப்பது ஸ்கூட்டர். அதில் கியரைக் குறைத்து இறங்க வழியில்லை, என்ஜினின் பிடியும் மிகக் குறைவு. எனவே இறக்கம் முழுவதும் பிரேக்கின் தலையிலேயே விழுகிறது. டிரம் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடியே வந்தால், சக்கரத்தோடு சுழலும் டிரம்மும் அதன் உட்புறத்தில் உரசும் ஷூவும் சூடேறிப் பிடிமானம் குறைகிறது. பாதி வழியில் ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது, ஒரு ஸ்கூட்டரின் பின்சக்கரத்திலிருந்து லைனிங் தீய்ந்த வாடை வந்தது. டிரம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் தெரிந்தது. அதன் உரிமையாளரான அம்மையார், லீவரை எவ்வளவு அழுத்தியும் வண்டி முன்போல நிற்கவில்லை என்றார். தண்ணீர் ஊற்றக் கூடாது என்று தடுத்து, சூடு ஆறும்வரை நிழலில் காத்திருந்தோம். பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது, எக்காரணம் கொண்டும் என்ஜினை அணைத்து இறங்காதிருப்பது, வாடை வந்தால் உடனே நிறுத்துவது ஆகியவற்றை அங்கேயே அனைவருக்கும் விளக்கினோம். 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், அதற்குட்பட்டவற்றுக்குக் குறைந்தது இரு சக்கரப் பிரேக்குகளையும் சேர்த்து இயக்கும் சிபிஎஸ்ஸும் கட்டாயமாக்கப்பட்டன. இரண்டும் நல்லவையே. ஆயினும் சூடேறிய பிரேக்கை இவ்விரண்டாலும் ஆறவைக்க முடியாது. மலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதியையும் நினைவூட்டினோம், அது மறக்கப்பட்டுவருவதைக் கண்ணாரக் கண்டோம்.

காற்றைப் பொறுத்தவரை, வெலிங்டனைப் பற்றி அந்தச் செவிலியர் சொன்ன ஒன்றை ஏலகிரியிலும் பார்த்தோம். பாறையை வெட்டி அமைத்த பகுதியில் காற்றே இருப்பதில்லை. வளைவைத் தாண்டிப் பள்ளத்தாக்கு திறக்கும் இடத்தில் அது திடீரென்று மோதுகிறது. எதிரே புல்லும் மரக்கிளையும் ஆடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே வருவதற்குப் பழகிவிட்டால், காற்று நம்மை எட்டுவதற்கு முன்பே அதன் வருகை தெரிந்துவிடும்.

தலைக்கவசம் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். வாரைப் போடாமல் மாட்டிய தலைக்கவசத்தைக் காற்று பின்னுக்குத் தூக்கிக் கழுத்தை இழுக்கிறது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, முகம் முழுவதும் மூடும் வகையே புழுதிக்காற்றில் கண்ணைக் காக்கும். கையுறை குறித்து, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலில் பணிபுரியும் நமது உறுப்பினர்கள் நடத்திய வகுப்பு மிகப் பயனுள்ளதாக இருந்தது. உள்ளங்கையில் தையல் எப்படி இருக்க வேண்டும், மாட்டுத்தோலுக்கும் ஆட்டுத்தோலுக்கும் உரசல் தாங்குவதில் என்ன வேறுபாடு என்பதை அவர்கள் துண்டுகளைக் கையில் கொடுத்தே காட்டினர். முதலுதவி வகுப்பும் நடைபெற்றது. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, விபத்துக்குள்ளானவருக்குத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை வரம்புக்குட்பட்டு இலவசம் என்பது உறுப்பினர் பலருக்கு அன்றுதான் தெரியவந்தது.

வரும் ஆண்டுக்காகச் செயற்குழு மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறது. நியூசிலாந்தில், உரிமம் பெற்ற ஓட்டிகளுக்கான மேற்பயிற்சிக் கட்டணத்தில் பெரும்பகுதியை விபத்து இழப்பீட்டுக்கான அரசு அமைப்பே ஏற்கிறது. இங்கே அதுவரை காத்திராமல், புதிய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் காற்றிலும் சரிவிலும் ஓட்டும் பயிற்சியைச் சங்கச் செலவிலேயே அளிக்க வேண்டும் என்பது முதலாவது. இதற்காக ஆண்டுச் சந்தாவைச் சிறிது உயர்த்த வேண்டியிருக்கும். அதைப் பொருளாளர் விளக்குவார், தயங்காமல் ஒப்புதல் தருமாறு வேண்டுகிறேன். பாலாற்றுப் பாலத்தின் இரு முனைகளிலும் பக்கக்காற்று எச்சரிக்கைப் பலகையும், காற்றின் திசையையும் வலிமையையும் காட்டும் துணிக்கூம்பும் வைக்கக் கோரி மனு அளிப்பது இரண்டாவது. ஏலகிரி இறக்கத்தில் ஸ்கூட்டர்கள் நின்று பிரேக்கை ஆறவைக்க ஓர் ஒதுக்கிடமும் அதற்கான அறிவிப்பும் கேட்பது மூன்றாவது. 2019இல் மாவட்டம் பிரிந்தபின் ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்தில் இருப்பதால் இம்மனுவை அங்கே தனியாக அளிக்க வேண்டும். இரண்டு மனுக்களின் வரைவும் ஆயத்தமாக உள்ளன, கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்கள் கையொப்பமிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பயிற்சிக்கு இடம் தந்தவர்களுக்கும், விடுமுறையில் ஒரு மாலையை நமக்காகச் செலவிட்ட அச்சகோதரிக்கும், ஏலகிரியில் வழிநெடுக நின்று உதவிய மெக்கானிக் உறுப்பினர்களுக்கும் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்காக வைக்கிறேன்.

செயலாளர்