படகு ஜன்னல் மாட்டியாச்சு, உங்கள் எல்லோருக்கும் நன்றி

நண்பர்களே, கேபினின் இடது பக்கத்துப் பெரிய ஜன்னல் பொருத்தி முடிந்துவிட்டது, ஒரு நல்ல அடைமழையையும் தாங்கிவிட்டது, உள்ளே படுக்கை நனையவில்லை. "என்ன ஆச்சு, இன்னும் ஒழுகுதா?" என்று ஆளாளுக்கு விசாரித்துக்கொண்டே இருந்ததால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனித்தனியாக நன்றி சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல். யார் பெயரையும் போடவில்லை, படித்தால் அது நீங்கள்தான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மரவேலை ஐயாவிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கண்ணாடி எது வாங்கலாம் என்று மற்ற எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு குத்தூசியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தவர் அவர்தான். கீழ்ச் சட்டத்தை ஓரமாகக் குத்திக்கொண்டே வந்தார். நல்ல மரத்தில் ஊசி நிற்கிறது, உளுத்த இடத்தில் சத்தமே இல்லாமல் உள்ளே போகிறது. வெளியே வார்னிஷ் பளபளவென்று இருக்க, உள்ளே இரண்டு மூலைகளும் நனைந்த அட்டை மாதிரி உதிர்ந்தன. அப்புறம் அவர் சொன்ன விஷயம் எனக்குப் புதிது: மரப்படகை உளுக்கவைப்பதில் கடல்நீரைவிட மழைநீருக்குத்தான் பங்கு அதிகமாம், ஏனென்றால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்பு ஒத்துக்கொள்வதில்லை. அதனால்தான் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் அடிப்பலகை திடமாக இருக்க, வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் கேபின் சட்டம் முதலில் போகிறது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பூஞ்சையால் வளர முடியாது. ஈரமானியை இரவல் கொடுத்த அண்ணனுக்கு இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவி இல்லாவிட்டால் காய்ந்துவிட்டது என்று கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்திருப்போம், மேலே காய்ந்த மரம் உள்ளே காய்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பழைய சட்டத்தைக் கழற்றியது தனிக் கதை. ஸ்க்ரூக்கள் பித்தளை. பார்க்க நன்றாகத்தான் இருந்தன, தலையில் திருப்புளியை வைத்து அழுத்தியதும் பாதி உடைந்தன. உடைந்த இடத்தைப் பார்த்தால் மஞ்சளே இல்லை, இளஞ்சிவப்பு. பித்தளையில் இருக்கும் துத்தநாகம் உப்பு ஈரத்தில் கரைந்து வெளியேறி, துளைத்துளையாகச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. உடையாமல் இருந்தவற்றைக் கழற்ற, தலைப் பள்ளத்தில் இருந்த பழைய வண்ணத்தை முதலில் கூரான கம்பியால் சுரண்டி எடுக்கச் சொன்னவர், சால்டரிங் அயர்னின் நுனியை ஸ்க்ரூ தலையில் வைத்துச் சூடாக்கச் சொன்னவர், இருவருக்கும் நன்றி. சூட்டில் உலோகம் விரிந்து மரத்தின் பிடி விடுகிறது, ஆறியதும் மெதுவாகத் திருப்பினால் வருகிறது. வராததை மட்டும் சுற்றித் துளைபோட்டு எடுத்தோம்.

புது ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, வெண்கலமா என்று ஒரு சண்டை நடந்தது நினைவிருக்கும். ஸ்டீல் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, வெண்கலம் போட்டுவிட்டேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அதன் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் காரணம், அந்தப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் காற்று வேண்டும். ஈர மரத்துக்குள்ளே காற்றுப் புகாத இடத்தில் அது மெதுவாக அரிக்கப்படும், தலை மட்டும் வெளியே மின்னிக்கொண்டிருக்கும். சிலிக்கான் வெண்கலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

அக்கா, உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. பழைய வண்ணத்தையும் பட்டியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க எல்லோரும் கையைத் தூக்கியபோது, "இவ்வளவு பழைய படகு, ஈயம் இருக்கும், யாரும் தேய்க்காதீங்க" என்று சத்தம் போட்டு நிறுத்தினீர்கள். பரிசோதனைக் குச்சியில் நிறம் மாறியதை அப்புறம் எல்லோரும் பார்த்தோம். தூசி பறக்காமல் நனைத்து நனைத்துச் சுரண்டியது, சரியான வடிகட்டியுள்ள முகமூடி, சுரண்டியதைப் பையில் கட்டி அப்புறப்படுத்தியது, வேலை முடியும்வரை குழந்தைகளைப் படகுப் பக்கமே விடாதது, எல்லாம் நீங்கள் சொன்னபடிதான். வேலை மெதுவாகத்தான் போனது, போகட்டுமே.

உளுத்த மூலைகளுக்கு மறுபடியும் ஐயாதான். அரைகுறையாகச் சுரண்டிவிட்டு எபாக்ஸிப் பசையை ஊற்றி நிரப்பலாம் என்று ஒருவர் சொல்ல, அவர் பதில் பேசாமல் உளியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார். நல்ல மரம் வரும்வரை வெட்டி, அதே தேக்கில், நார் ஓட்டம் அதே திசையில் வரும்படி புதுத் துண்டு. இணைப்பை நேராக வெட்டாமல் ஒன்றுக்கு எட்டு என்ற சாய்வில் இழைத்தார், அதாவது 20 மி.மீ. கனமுள்ள சட்டத்துக்கு 160 மி.மீ. நீளத்துக்குச் சாய்வு. மரத்தை முனைக்கு முனை ஒட்டினால் பசை நிற்காது, இப்படிச் சாய்த்து ஒட்டினால் பசை பிடிக்கப் பரப்பு கிடைக்கிறது. தேக்கில் எண்ணெய் ஊறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், முந்தின நாள் துடைத்தால் பயன் இல்லை. முதலில் தண்ணீராக இருக்கும் எபாக்ஸியை இரண்டு முகத்திலும் பூசி ஊறவிட்டு, அதன் மேல் தூள் கலந்து கெட்டியாக்கியதைத் தடவினோம். கிளாம்பை இறுக்கப் போன தம்பியின் கையை ஐயா பிடித்துக்கொண்டார், பசை எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிட்டால் அப்புறம் ஒட்டுவதற்கு உள்ளே என்ன இருக்கும் என்று.

இன்னொன்றும் செய்தார், என்னைக் கேட்டால் இந்த ஜன்னல் ஒழுகாமல் இருப்பதில் பாதிப் பங்கு அதற்குத்தான். பழைய கீழ்ச் சட்டம் தட்டையாக இருந்தது, தண்ணீர் வந்தால் அங்கேயே தங்கும். புதியதை வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து இழைத்தார், அடியில் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் ஒரு சின்னக் காடி, அதாவது பள்ளம், எடுத்தார். வழியும் நீர் சட்டத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்து சுவருக்குப் போகும் குணமுள்ளது, காடி வந்ததும் அதைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடுகிறது. காசு செலவில்லாத வேலை. இதைப் பழைய படகில் ஏன் யாரும் செய்யவில்லை என்று நான் கேட்டதற்கு, செய்திருந்தால் நீ என்னைக் கூப்பிட்டிருக்கமாட்டாயே என்றார்.

இனி கண்ணாடி. இதில் கருத்து சொல்லாதவர் ஒருவரும் இல்லை, அத்தனையும் படித்தேன். பாலிகார்பனேட், அக்ரிலிக் இரண்டும் கண்ணாடிக்குப் பதிலாகப் போடும் பிளாஸ்டிக் தகடுகள். பாலிகார்பனேட் சுத்தியலுக்கும் அசையாது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும், வெயிலில் மஞ்சளாகும். அக்ரிலிக் தெளிவாக இருக்கும், எடை குறைவு, வளைத்தும் பொருத்தலாம், பல படகுகளுக்கு அதுதான் சரி, ஆனால் வெப்பத்தில் கண்ணாடியைவிடக் கிட்டத்தட்ட எட்டு மடங்கு விரியும். எங்கள் ஜன்னல் 800 மி.மீ. நீளம், 40 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு அக்ரிலிக் 2 மி.மீ.க்கு மேல் நீளும், கண்ணாடி 0.3 மி.மீ. அளவில் நின்றுவிடும். இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுக் காட்டிய தங்கைக்கு நன்றி, அதோடு வாக்குவாதம் பாதி அடங்கிவிட்டது. சட்டத்துக்குள் உட்காரும் தட்டை ஜன்னல், பழைய படகின் தோற்றமும் மாறக் கூடாது என்பதால் கண்ணாடி என்று முடிவு செய்தோம். டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய, இரண்டு தகடுகள், நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து லேமினேட் செய்தது: உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நாங்கள் அமைதியான தண்ணீரில் மட்டும் போகிறவர்கள். கடலுக்குப் போகும் படகு வைத்திருப்பவர்கள் எங்களைப் பார்த்து அப்படியே செய்துவிடாதீர்கள், ஜன்னலின் பொருளுக்கும் தடிமனுக்கும் ஐ.எஸ்.ஓ. 12216 என்ற தரநிலை இருக்கிறது, அதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

டெம்பர் செய்த பிறகு கண்ணாடியை வெட்டவோ ஓரம் தேய்க்கவோ முடியாது, அப்படியே சுக்குநூறாகிவிடும். ஆகவே அளவு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும். மெல்லிய ஒட்டுப்பலகையில் மாதிரி வெட்டி, சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விட்டு, சட்டத்துக்குள் வைத்து வைத்துப் பார்த்துத் தேய்த்துக் கொடுத்த தம்பியின் பொறுமை எனக்கு வராது. மாதிரியின் மேல் பெரிய எழுத்தில் "வெளிப்பக்கம்", "மேல்", "முன்" என்று எழுதிவைத்ததும் அவன்தான். கேபின் கூரையின் சரிவால் ஜன்னலும் ஒரு பக்கம் உயரமாக இருக்கும், மாதிரியைப் புரட்டிப் போட்டு வெட்டினால் வலது பக்கத்து ஜன்னல் வந்து சேரும். மூலைகளைக் கூர்மையாக விடாமல் நன்றாக வட்டமாக வைக்கச் சொன்ன கண்ணாடிக்காரருக்கும் நன்றி. படகு முறுக்கிக் கொடுக்கும்போது விசை எல்லாம் கூரான மூலையில்தான் போய்ச் சேருமாம்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை லேமினேட் கண்ணாடி போடும் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். ஓரம் தண்ணீரில் நின்றால் நடுவில் இருக்கும் படலம் ஈரத்தை உறிஞ்சி, ஓரத்திலிருந்து வெள்ளை பூக்கத் தொடங்கும். அதனால் கண்ணாடியை நேரடியாக மரத்தில் உட்காரவைக்காமல், கீழே இரண்டு சின்ன ரப்பர் கட்டைகள், ஒவ்வொரு முனையிலிருந்தும் கால் பங்கு தூரத்தில், அதன் மேல் உட்காரவைத்தோம். தப்பித் தவறி உள்ளே வரும் நீர் வெளியேற அடியில் சிறு துளைகளும் போட்டோம்.

எதை வைத்து அடைப்பது என்பதில் நடந்த விவாதம் நட்பு முறியும் அளவுக்குப் போனது, இப்போது சிரிப்பு வருகிறது. சிலிக்கான் வேண்டாம் என்றவர்கள் சொன்ன காரணம் சரியானது: மரத்தில் அதன் தடம் பட்டுவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் அங்கே வார்னிஷ் பிடிக்காது, அதிலும் வினிகர் வாசனை வரும் வகை லேமினேட் படலத்தையும் கெடுக்கும். பாலியூரித்தேன் பலமான பசை, அந்தப் பலம்தான் தொல்லை, அடுத்து யாராவது கழற்ற வேண்டி வந்தால் மரத்தையும் சேர்த்துப் பெயர்க்கும். பாலிசல்பைடு கண்ணாடிக்கும் மரத்துக்கும் நல்லது, ஆனால் அக்ரிலிக்கிலும் பாலிகார்பனேட்டிலும் பட்டால் வெடிப்பு விழச்செய்யும். கடைசியில் வென்றது பியூட்டைல் டேப், பிசுபிசுவென்று ஒட்டும் மெத்தென்ற ரப்பர் பட்டை. அது இறுகவே இறுகாது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், இந்த அசைவைத் தடுக்க நாம் யார்? கூடவே அசைந்து கொடுக்கும் பொருள்தான் வேண்டும் என்று அண்ணன் சொன்னபோது எதிர்த்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

டேப் விஷயத்தில் உங்கள் யோசனைகள் எல்லாமே வேலை செய்தன. ஸ்க்ரூ துளையின் வாயைக் கொஞ்சம் அகலமாகக் குடைந்துவிட்டால், இறுக்கும்போது டேப் அதற்குள் இறங்கி ஸ்க்ரூவைச் சுற்றி வளையமாக நிற்கிறது. ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. எதிரெதிர் ஸ்க்ரூவாகக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி, அப்படியே விட்டுவிட்டு, பிதுங்கியதை மரக் கத்தியால் வெட்டிவிட்டு, மறுநாள் மறுபடி. வெயில் ஏறிய நேரத்தில் டேப் இளகுவதால் திருப்புவதும் சுலபம்.

வார்னிஷ் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. கண்ணாடி உட்காரும் காடிக்குள்ளும், மரத்தின் வெட்டு முனைகளிலும், கண்ணாடி வருவதற்கு முன்பே தின்னர் கலந்த முதல் பூச்சைக் கொடுத்துவிட வேண்டும், மற்றது எல்லாம் பொறுமை. உப்புத்தாள் பிடித்த அத்தனை கைகளுக்கும் நன்றி.

தண்ணீர் சோதனை நாளில் குழாயோடு வெளியே நின்ற அண்ணனுக்கும், டார்ச்சும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு உள்ளே படுத்திருந்த பையனுக்கும் தனி நன்றி. குழாயைக் கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே கொண்டுபோக வேண்டும், மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எங்கே நுழைகிறது என்று தெரியாமல் போகும். கீழ்ச் சட்டம், பக்கம், மேல்பக்கம், எதிலும் ஒன்றும் இல்லை. கூரைவரை போனதும் உள்ளேயிருந்து "அங்கிள், வருது!" என்று கத்தல். ஓடிப் பார்த்தால் சொட்டு விழுந்தது ஜன்னலின் மேல் மூலையில். சாக்பீஸால் அடையாளம் போட்டுக்கொண்டே பின்தொடர்ந்ததில், அது ஜன்னல் வழியாக வரவே இல்லை, கூரை மேல் இருக்கும் கைப்பிடிக் கம்பியின் ஸ்க்ரூ வழியாக இறங்கி, பலகையின் அடியில் ஓடி, ஜன்னல் மேல் வந்து சொட்டியிருக்கிறது! பழைய ஜன்னலுக்கு வந்த கெட்ட பெயரில் கொஞ்சம் இந்தக் கம்பியுடையது. அந்த ஸ்க்ரூவையும் கழற்றி, வாயைக் குடைந்து, அதே டேப்பை வைத்து மாட்டினோம், நின்றுவிட்டது.

அந்தக் கம்பியில் மற்ற ஸ்க்ரூக்களும் இதே வயசுதான், ஆகவே அடுத்த வேலை அதுதான். கிளாம்புகளும் ஈரமானியும் என்னிடமே இருக்கின்றன. கம்பி வேலை முடியும்வரை வைத்துக்கொள்ளலாமா, இல்லை உடனே வேண்டுமா என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மீந்த டேப் ஒரு சுருள் இருக்கிறது, தேவைப்படுகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஒட்டுப்பலகை மாதிரியை மட்டும் தர மாட்டேன், அதைப் புரட்டிப் போட்டால் வலது பக்கத்து ஜன்னலுக்குத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான்.