பூச்சி பறக்குது என்பவருக்குச் சொட்டு மருந்து வேண்டாம்

வேலூர் மாவட்டத்து மெடிக்கல் ஷாப், கண்ணாடிக் கடை நடத்துவோருக்கு வணக்கம்.

குடியாத்தமோ பேரணாம்பட்டோ, கண்ணில் ஏதாவது என்றால் ஆட்கள் முதலில் வந்து நிற்பது உங்கள் கடையில்தான். "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதுங்க, சொட்டு மருந்து ஏதாவது குடுங்க" என்பார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். விழிக்குள் சுமார் 4 மில்லி கூழ் இருக்கிறது. வயதாக ஆக அது நீர்த்து, உள்ளிருக்கும் நார்கள் திரண்டுகொள்ளும். அவற்றின் நிழல், கண்ணின் பின்பக்க உட்சுவரில் ஒளியை உணரும் விழித்திரையில் விழுவதைத்தான் பூச்சி என்கிறார்கள். எந்தச் சொட்டும் அந்த நாரைக் கரைக்காது.

பல மாதமாக ஒன்றிரண்டு, அதுவும் வெயில் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்த்தால் மட்டும் என்றால் அவசரமில்லை.

திடீரென்று வந்தால் கதை வேறு. கூழ் சுருங்கி விழித்திரையை விட்டு விலகும்போது, இறுக ஒட்டியிருந்த இடத்தில் இழுத்துக் கிழித்துவிடலாம். அப்படித் திடீரென வருபவர்களில் பத்துக்கு ஒருவருக்காவது கிழிசல் இருக்கும். அதன் வழியே நீர் புகுந்தால், ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உரிவதுபோல விழித்திரை உரிந்து வந்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. வலி இல்லையே என்றுதான் பலரும் வாரக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். எப்போதிலிருந்து, திடீரென்று நிறைய வந்ததா? இருட்டில் ஓரமாக மின்னல் வெட்டுகிறதா? ஏதாவது ஒரு பக்கம் திரை போட்டதுபோல மறைக்கிறதா? ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, கண் கண்ணாகப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அன்றே கண் மருத்துவமனை. மைனஸ் பவர் அதிகமுள்ளவர், கண்புரை ஆபரேஷன் ஆனவர், கண்ணில் அடிபட்டவர் என்றால் கூடுதல் கவனம். சர்க்கரை உள்ளவர் கரி கொட்டியதுபோல இருக்கிறது என்றால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். சுத்தியல் அடிக்கும்போது ஏதோ தெறித்தது என்பவரையும், கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசுபவரையும் அன்றே அனுப்புங்கள்.

கண்ணாடிக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. போர்டில் கடைசி வரி வரை படித்துவிட்டார், பவரும் மாறவில்லை என்பதால் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். கிழிசல் பெரும்பாலும் ஓரத்தில் விழும். நடுப்பார்வை அப்போதும் 6/6, அதாவது குறையில்லாமல், இருக்கும். கண் பாப்பாவை (கருவிழி நடுவிலுள்ள துளையை) விரித்து ஓரம் வரை பார்த்தால்தான் தெரியும்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ ஆரணி ரோட்டு ஷெல் கண் மருத்துவமனையோ, அவரவர் வசதி. பாப்பா விரிய அரை மணி நேரமாகும், பிறகு சில மணி நேரம் கண் மங்கும். பைக் ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் வரட்டும். கிழிசலோடு நின்றிருந்தால் பெரும்பாலும் லேசர் வைத்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உரிந்திருந்தால் ஆபரேஷன், நடுப்பகுதி உரியும் முன் போனால் பார்வை மீளும் வாய்ப்பு அதிகம். முதல் பரிசோதனையில் கிழிசல் இல்லாவிட்டாலும் பிறகு விழலாம் என்பதால், சில வாரத்தில் திரும்ப வரச் சொல்வார்கள். அதைத் தவறவிட வேண்டாம் என்று நீங்களும் சொல்லுங்கள்.

அனுப்பும்போது ஒரு துண்டுச் சீட்டில் எந்தக் கண், எந்த நாளிலிருந்து, மின்னல் உண்டா, மறைப்பு உண்டா என்று எழுதிக் கொடுங்கள். ஓ.பி.யில் நுழைந்ததும் அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கண் பரிசோதகர்கள், வேலூர்