காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் ஈசிஜி எடுங்கள்: வடசென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதி அரசு மருத்துவமனைகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மழைக்காலத்தில் ஃப்ளூ எப்படிப் பரவியது, ஓ.பி. வரிசை எதுவரை நீண்டது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். என் அக்கா மகன் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிற 24 வயதுப் பையன்.

நாலைந்து நாளாகக் காய்ச்சல், உடம்பு வலி. அப்புறம் நெஞ்சை அடைக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றான். பக்கத்தில் இருந்த மருத்துவமனையில் பிரஷர் குறைவாக இருக்கிறது, சரியாகச் சாப்பிடாததால் வந்த சோர்வு என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஸ்டாண்ட் இல்லை. அக்காதான் பாட்டிலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள், ஒரு கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொண்டு. பாட்டில் இறங்க இறங்க அவனால் படுக்கவே முடியவில்லை, உட்கார்ந்து முன்னால் குனிந்தபடி மூச்சுக்குத் தவித்தான். சளி கட்டியிருக்கிறது என்று சொல்லி இரண்டாவது பாட்டிலையும் மாட்டினார்கள். பம்ப் பண்ண முடியாமல் தடுமாறுகிற இதயத்துக்கு மேலே மேலே ஏற்றினால் அந்தத் தண்ணீர் நுரையீரலில்தான் தேங்கும் என்று பிறகு வேறு இடத்தில் சொன்னார்கள். "அந்த பாட்டில நான்தானே பிடிச்சிட்டு நின்னேன்" என்று அக்கா இன்றைக்கும் கேட்கிறாள். அவளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வேறு இடத்தில் போனவுடன் எடுத்த ஈசிஜியிலேயே கோளாறு தெரிந்துவிட்டது. இதயத்தசை சேதமானால் ரத்தத்தில் ஏறுகிற ட்ரோபோனின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. எக்கோவில், அதாவது இதயத்துக்கான ஸ்கேனில், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தின் அளவு, அதாவது பம்பிங், 15 சதவீதம், 55க்குக் குறையாமல் இருக்க வேண்டியது. ஃப்ளூவால் இதயத்தசை வீங்கியிருக்கிறது, மயோகார்டைடிஸ் என்றார்கள். ஃப்ளூ கிருமிக்கு ஓசல்டாமிவிர் மருந்து, பிரஷரைத் தூக்கிப் பிடிக்க மருந்து, அதுவும் போதாமல் எக்மோ. தொடையின் ரத்தக்குழாய் வழியாக ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் கலந்து, மறுபடி உடம்புக்குள் தள்ளுகிற இயந்திரம் அது, அதுவரை இதயத்துக்கு ஓய்வு. பிழைத்துவிட்டான், பம்பிங்கும் ஏறக்குறைய பழையபடி வந்துவிட்டது. முதல் சில நாட்களை எப்படியாவது தாண்ட வைத்தால் பலருக்கு இதயம் நன்றாகத் தேறிவிடுமாம், கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்திலேயே ஆள் போய்விடலாம். இப்போது ஆறு மாதத்துக்குப் பளு தூக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் வேலையே பளு தூக்குவதுதான், அது தனிக் கதை.

அரிதான நோய்தானே என்பீர்கள். அரிதுதான். காய்ச்சல் வந்தவர்களுக்கெல்லாம் எக்மோ கேட்கவில்லையே! காய்ச்சலோடு வருகிறவர் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் என்று சொன்னால், வயதைப் பார்க்காமல், டிரிப்ஸ் போடுவதற்கு முன்னால் ஒரு ஈசிஜி எடுங்கள் என்றுதான் கேட்கிறோம். 2023இல் இதயம் காப்போம் திட்டம் கொண்டுவந்து, மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கிறீர்கள், நல்ல காரியம். ஐம்பது வயதுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் ஓடி வருகிற ஈசிஜி மெஷின், சின்னப் பையன் காய்ச்சலோடு அதையே சொன்னால் ஏன் மூலையிலேயே கிடக்கிறது?

வடசென்னைக்குக் கேட்காமலே வந்து சேர்பவை நிறைய. அனல்மின் நிலையச் சாம்பல், கொடுங்கையூர் குப்பை, ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரி, 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெயும் பெரியகுப்பத்தில் அமோனியாவும். இதற்கெல்லாம் யாரும் மனு போட்டதில்லை, வீடு தேடி வந்தன. ஈசிஜிக்குத்தான் மடல் எழுத வேண்டியிருக்கிறது. ஃப்ளூ தடுப்பூசியோ தேசிய தடுப்பூசி அட்டவணையிலேயே இல்லை, வேண்டும் என்பவர் தனியாரில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இதை எழுத்தில் உத்தரவாகப் போடுங்கள்: காய்ச்சலோடு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் முதலில் ஈசிஜி. அதில் மாற்றம் இருந்தாலும், சந்தேகம் தீராவிட்டாலும் ட்ரோபோனின். அதுவும் ஏறியிருந்தால், எக்கோவும் எக்மோவும் உள்ள இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டு 108இல் நேராக அனுப்புங்கள், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்க விடாதீர்கள். அந்த உத்தரவின் நகலை ஓ.பி. சீட்டு போடுகிற ஜன்னலில் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள், அதைக் காட்டி நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டைவாசி ஒருவர்