இரண்டாவது முறை அவரைப் பார்க்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. முதல் சந்திப்பு நன்றாகப் போனது, அடுத்ததற்கு இடமும் நேரமும் நீயே முடிவு செய் என்று அந்தத் தம்பி விட்டுவிட்டார் என்றாய். கூடவே, "அன்றைக்கு மாதிரி இது அமையாவிட்டால் என்னப்பா செய்வது?" என்றும் கேட்டாய். இத்தனை வருடம் உளவியல் பாடம் நடத்தியவன், அதற்கும் மேலே உன் அப்பன். கொஞ்சம் நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"அவருக்கு என்னை எவ்வளவு பிடித்தது என்றே தெரியவில்லை" என்றாய் அல்லவா, முதலில் அதைப் பேசிவிடுவோம். முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பேசவிட்டு, எதிரில் இருந்தவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும் என்று கேட்டால், பொதுவாக எல்லோருமே குறைத்துத்தான் சொல்கிறார்கள். 2018ல் எரிகா பூத்பியும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. நாம் தடுமாறிச் சொன்ன ஒரு வார்த்தை வீடு வந்த பிறகும் நம் காதிலேயே நிற்கும். கேட்டவர் அதை அப்போதே மறந்திருப்பார். மறுபடி பார்க்கலாமா என்று கேட்டது அவர்தான். அதை அப்படியே நம்பு.

இனி திட்டத்துக்கு வருகிறேன். முதல் தடவை படிப்பு, வேலை, குடும்பம் என்று எல்லாம் மேலாகப் பேசி முடிந்திருக்கும். இரண்டாவது தடவையில் இரண்டு பேருமே உள்ளுக்குள் தேடுவது ஒன்றைத்தான்: அன்றைக்கு நான் சொன்னது இவர் மனதில் நின்றதா? அதனால் நல்ல இடம் எது என்று தேட ஆரம்பிக்கும் முன், அவர் சொன்னதையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பார். நீ என்னிடம் சொன்னதிலேயே ஒன்று இருக்கிறது. நின்றுபோன உன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரச் சொல்லி, அதன் திருகை இரண்டு விரலால் மெதுவாகத் திருகி, காதோரம் வைத்துக் கேட்டாராமே. தாத்தா கடிகாரம் பழுது பார்ப்பவர், சின்ன வயதில் அவருடைய மேஜைக்கு அடியில்தான் உட்கார்ந்திருப்பேன் என்றாராமே. அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிப்போனது என்று நீதான் சொன்னாய். உன் திட்டம் அங்கேதான் இருக்கிறது, அம்மாடி. பழைய சாமான் விற்கும் சந்தையோ, பழங்காலக் கருவிகளை வைத்திருக்கும் அருங்காட்சியகமோ பக்கத்தில் இருந்தால் அங்கே கூட்டிப் போ. ஏன் இந்த இடம் என்று நீ விளக்கவே வேண்டியிருக்காது.

இப்படிச் சேர்ந்து நடப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தால், பேச்சு நின்றதும் சங்கடமாகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது பேசாமல் இருந்தாலும் உறுத்தாது. ஏதாவது ஒரு பொருள் கண்ணில் பட்டுப் பேச்சைத் தானே தொடங்கி வைக்கும்.

உன் தோழிகள் சொன்ன சாகசப் பூங்கா யோசனை எனக்கு ஒப்பவில்லை. 1974ல் டட்டன், ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில் கபிலானோ தொங்கு பாலத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆடுகிற அந்தப் பாலத்தில் வந்த ஆண்களையும், உறுதியான வேறொரு பாலத்தில் வந்தவர்களையும் ஒரு பெண் பேட்டி எடுத்து, தன் போன் நம்பரைக் கொடுத்தார். பிறகு அவரைக் கூப்பிட்டவர்களில் ஆடுகிற பாலத்துக்காரர்களே அதிகம். உயரத்தைப் பார்த்து அடித்துக்கொண்ட நெஞ்சை அந்தப் பெண்ணுக்காக அடித்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். உனக்கு இப்போது வேண்டியது அந்தப் படபடப்பு இல்லை. படபடப்பெல்லாம் அடங்கிய பிறகும் அவருடன் இருக்கப் பிடிக்கிறதா என்றுதான் தெரிய வேண்டும். ராட்டினம் பிறகு ஏறிக்கொள்ளலாம்.

பேச்சு விஷயத்தில் நீ கேட்பதில் கெட்டிக்காரி. ஆனால் வரிசையாகக் கேள்வி கேட்டால் அது நேர்காணல் ஆகிவிடும். அவர் சொன்ன பதிலுக்குள்ளிருந்தே அடுத்த கேள்வி வர வேண்டும். "தாத்தா இப்போது இருக்கிறாரா?" என்று கேட்டால் ஒற்றை வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். "அந்த மேஜைக்கு அடியில் உட்கார்ந்து என்னதான் செய்வீர்கள்?" என்று கேட்டுப் பார். 2017ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள், சில நிமிடங்களே பேசிப் பிரியும் அதிவேக டேட்டிங் உரையாடல்களை எடுத்துப் பார்த்தபோது, இப்படித் தொடர்கேள்வி அதிகம் கேட்டவர்களைத்தான் மற்றவர்கள் மறுபடி சந்திக்கச் சம்மதித்தார்கள்.

உன்னைப் பற்றிச் சொல்ல மட்டும் நீ தயங்குவாய். அதுதான் எனக்குக் கவலை. மேலே சொன்ன அதே ஆர்தர் ஆரன், 1997ல் அறிமுகமில்லாதவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, லேசான கேள்வியில் தொடங்கி, போகப் போக அந்தரங்கமாகும் 36 கேள்விகளைக் கொடுத்தார். 45 நிமிடத்தில், சும்மா பொதுவாகப் பேசியவர்களைவிட அவர்கள் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். அந்தக் கேள்விகளைத் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டு போகாதே. கவனிக்க வேண்டியது, இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்கள் என்பதைத்தான். அவர் தாத்தாவைப் பற்றிச் சொன்னால், நீயும் உன் பாட்டியைப் பற்றிச் சொல். வேலையை விட்ட சமயத்தில் தூங்காமல் கிடந்தாயே, அதையும் சொல்லலாம், தப்பில்லை. முந்தைய உறவு முறிந்த கதையை மட்டும் அன்றைக்கே முழுதாகக் கொட்ட வேண்டாம். அவராகக் கேட்டால் இரண்டு வரியில் உண்மையைச் சொல், போதும்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் திட்டம் போடாதே. இன்னும் கொஞ்சம் பேசலாமே என்று இருக்கும்போதே கிளம்பிவிடுவது நல்லது. பிடித்திருந்தால் அங்கேயே சொல்லிவிடு. மூன்று நாள் கழித்துத்தான் மெசேஜ் அனுப்ப வேண்டும், ஆவலைக் காட்டக் கூடாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. மனசு ஒட்டவில்லை என்றால், மறுநாளே மரியாதையாக அதையும் தெரிவித்துவிடு. பதில் சொல்லாமல் இழுத்தடிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் பக்கமிருந்து 'வேண்டாம்' என்று வந்தாலும் காரணம் துருவாதே. உன்னிடம் குறை இருந்துதான் அப்படிச் சொன்னார் என்று அர்த்தமில்லை.

நாலு பேர் நடமாடும் இடமாகவே இருக்கட்டும். போக வர உன் ஏற்பாட்டிலேயே போய் வா. எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று ஒரு தோழியிடம் சொல்லி வை. என்ன பேசினீர்கள் என்று நானோ அம்மாவோ கேட்க மாட்டோம். வீடு வந்து சேர்ந்ததும் ஒரு வரி மட்டும் அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா