குமிழ் நடுவில் நிற்கும்போது: பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்களே, வணக்கம்.

மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பவன் எழுதுகிறேன். போன வாரம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நேரான பாதையில் ஒரே வேகத்தில் ஓடுகிறது. அதை முன்னே தள்ளும் விசை பெரிதா, பின்னே இழுக்கும் உராய்வும் காற்றுத்தடையும் பெரிதா? "முன்னே தள்ளுவதுதான் பெரிது, இல்லாவிட்டால் ரயில் நின்றுவிடுமே!" என்றார்கள் எல்லாரும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான். "விசைகள் சமன்பட்டால் பொருள் அசையாது" என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

அது பாதி உண்மை. நிற்கிற பொருள் நின்றபடி இருக்கும், சரி. ஓடுகிற பொருளோ அதே வேகத்தில், அதே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் விசை ஓங்கினால்தான் வேகம் கூடும், குறையும், அல்லது திசை மாறும். ஆக, அந்த ரயிலில் இரண்டு பக்க விசையும் சமம். நியூட்டன் 1687இல் இதை இயக்க விதியாக அச்சிட்டார்; அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக, தள்ளிக்கொண்டே இருந்தால்தான் எதுவும் ஓடும் என்று பெரிய அறிஞர்கள் பலரே நம்பியிருந்தார்கள். பிள்ளைகளைக் கோபிக்காதீர்கள்.

இதற்காக இன்னொரு பயிற்சிப் புத்தகம் வாங்க வேண்டாம். அடுத்த ஞாயிறு தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போவீர்கள் அல்லவா? ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொஞ்சம் காற்றுக்கு மட்டும் இடம் விட்டு நிரப்பி, இறுக மூடி எடுத்துச் செல்லுங்கள். (ரயிலில் குடிக்கக் கூடாது, பார்க்க மட்டும்தான்.) லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறினால் அடுத்த நிலையமே நியூட்டன். அந்தப் பெயர் ஒரு நகராட்சிப் பொறியாளருடையதாம், ஆனாலும் பிள்ளைக்கு நினைவில் நிற்கும்.

சுவரோரமாக நீளும் இருக்கையில் உட்கார்ந்து போத்தலை மடியின் குறுக்கே படுக்கவைத்தால் அது ரயில் ஓடும் திசையில் கிடக்கும். ரயில் கிளம்பியதும் தண்ணீர் பின்தங்கும், உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ் முன்பக்க முனைக்கு ஓடும். பிரேக் போட்டால் குமிழ் பின்முனைக்கு வந்துவிடும். நடுவில், ரயில் ஒரே வேகத்தில் விரையும்போது என்ன ஆகிறது என்று பிள்ளையே பார்க்கட்டும். பாதை ஏறி இறங்கும் இடத்தில் கொஞ்சம் நகரும். மற்றபடி வீட்டு மேசையில் வைத்ததுபோல் குமிழ் நடுவிலேயே கிடக்கும். வெளியே சுரங்கச் சுவர் பறந்துகொண்டிருக்கும்.

தேசிய தினத்தில் வான்குடை வீரர்கள் குதிப்பதையும் இப்படியே காட்டலாம். குடை விரியும் முன் மணிக்கு 200 கிலோமீட்டரை நெருங்கியதும் எடையும் காற்றுத்தடையும் சமமாகிவிடும். அப்புறம் வேகம் கூடாது, ஆனால் விழுவதும் நிற்காது. குடை விரிந்ததும் காற்றுத்தடை ஓங்கி வேகத்தைக் குறைக்கும், பிறகு மறுபடி சமமாகி மெதுவாக இறக்கும்.

நியூட்டனில் இறங்கியதும் என் கேள்வியைப் பிள்ளையிடம் கேட்டுப்பாருங்கள். சரியான பதில் வராவிட்டால் விளக்கத் தொடங்காதீர்கள். திரும்பும் ரயிலில் போத்தலை மறுபடி அவர்கள் மடியிலேயே வையுங்கள்.

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியர்